மூன்று துண்டுத் துப்பாக்கி

உங்களிடம் ஒரு கேள்வி. வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. யாரையும் சுட்டதில்லை, மிரட்டியதில்லை. சும்மா இருக்கிறது. வைத்திருப்பவர் ஏதாவது செய்தவர் ஆகிறாரா, இல்லையா?

பயப்படாதீர்கள், சினிமா கதை சொல்லப் போவதில்லை. என் அம்மாவின் பீரோவில், ரேஷன் கார்டுக்கும் நிலப் பட்டாவுக்கும் நடுவில், ஒரு ரசீது இருக்கிறது. ‘12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி 1, தோட்டா 9’ என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. போன புரட்டாசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்தால் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்மா ஆட்டோ பிடித்துப் போய் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டாள். நான் அப்போது சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது வாரா வாரம் போனில் ஒரே கேள்விதான். “தம்பி, அந்தத் துப்பாக்கிய என்னடா பண்றது?”

எங்கள் தோட்டம் சின்னமனூருக்கும் மேகமலை அடிவாரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கை நீங்கள் பஸ்ஸில் கடந்திருப்பீர்கள். தேனியிலிருந்து குமுளி போகிற வழி முழுக்க வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் ஓடுகிற பூமி. பார்க்கிறவர்களுக்குக் கண் குளிரும். மலை அடிவாரத்தில் விவசாயம் செய்கிறவனுக்கு அங்கே இரவில் கண் மூடாது. காரணம், காட்டுப்பன்றி. ஒரு கூட்டம் இறங்கினால் ஒரே ராத்திரியில் மக்காச்சோளக் கொல்லை பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். வாழைக்குக் கிழங்கைத் தோண்டும், கடலைக்கு வேரோடு பிடுங்கும். தின்பதைவிட மிதிப்பது அதிகம்.

அதற்காகத்தான் அப்பா துப்பாக்கி வாங்கினார். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. இருபது அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கலாம். பயிர்க் காவலுக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைக் கேட்கலாம். வேடிக்கை என்னவென்றால், 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதி இல்லாமல் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது என்கிறது. ஒரு சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி கொடுக்கிறது. இன்னொரு சட்டம், எதிரில் வருவதைச் சுடாதே என்கிறது. நடுவில் நிற்கிற விவசாயி ஆகாயத்தைப் பார்த்துச் சுடுவான். சத்தத்துக்குத்தான் அந்தத் துப்பாக்கி. ஒரு வேட்டு, கூட்டம் மலையேறும். நாலு நாள் கழித்துத் திரும்பி வரும்.

துப்பாக்கி என்றதும் நீங்கள் நினைக்கிற கம்பீரம் எதுவும் அதற்கு இல்லை. பின்பக்கம் மடித்து ஒரே ஒரு தோட்டாவைப் போட வேண்டும். சுட்ட பிறகு மறுபடி மடித்து, வெறுங்கூட்டை எடுத்து, அடுத்ததைப் போட வேண்டும். ஆனால் அதை மூன்றாகக் கழற்றிவிடலாம். குழல் தனி, தோளில் சாய்க்கிற கட்டை தனி, இடது கை பிடிக்கிற முன்கட்டை தனி. கழற்றினால் ஒரு சின்னச் சாக்குப்பைக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கழற்றி மாட்டுகிற விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் என் நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னோடு பி.காம். படித்தவன். தேனிக்காரன். இப்போது டெக்சாஸில் இருக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் அப்பாவுக்குத் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தான். பேச்சு துப்பாக்கிக்குப் போனதும் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். அவனும் ஒரு துப்பாக்கி வைத்திருக்கிறான்! கார்பைன் என்று பெயர். கைத்துப்பாக்கியில் போடுகிற அதே 9 மில்லிமீட்டர் தோட்டா. ஆனால் தோளில் சாய்த்துச் சுடலாம். எடை மூன்று கிலோ சொச்சம். “ஒரு லீவரைத் தள்ளித் திருகுனா ரெண்டா வந்துரும் மாப்ள. முதுகுப் பைல போட்டுக்கலாம். திரும்பச் சேக்க அஞ்சு செகண்டு” என்றான். ஒரு மேகசினில் பதினேழு தோட்டா. ருகர் என்கிற கம்பெனி 2017 கடைசியில் இந்த மாதிரி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்ததிலிருந்து அங்கே இதற்கு நல்ல கிராக்கியாம். நம் ஊரில் 9 மில்லிமீட்டர் தடை செய்யப்பட்ட ரகம். சாமானியன் நினைத்தாலும் வாங்க முடியாது. அங்கே 1791-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த இரண்டாவது திருத்தத்தின்படி ஆயுதம் வைத்திருப்பது மக்களின் உரிமை.

“எதுக்குடா உனக்கு?” என்றேன்.

“சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போவேன். அம்பது குண்டு சுடுவேன். ஆபீஸ் டென்ஷன் எல்லாம் போயிரும். அப்புறம்... ராத்திரி வீட்ல பொண்டாட்டி புள்ள இருக்குல்ல?”

அவனை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. முதல் காரணம் எனக்குப் புரிகிறது. ஒரு செய்திக்காக ரைஃபிள் கிளப் ஒன்றுக்குப் போனபோது பத்து மீட்டர் ஏர் ரைஃபிளைக் கையில் கொடுத்தார்கள். அந்த இலக்கு அட்டையின் நட்டநடுப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, இதயம் துடிக்கிற இடைவெளியில் விசையை அழுத்த வேண்டும். அரை மணி நேரம் உலகத்தில் வேறு எதுவும் இல்லை. வீட்டுக் கடன் இல்லை, எடிட்டர் இல்லை. தியானம் மாதிரி இருந்தது. பொய் சொல்லக்கூடாது, சுடுவது சுகமாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணமும் தள்ளிவிடக்கூடியது இல்லை. உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ளும் உரிமை நம் சட்டத்திலும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். உயிர்ப் பயம் வந்தால் ஒன்று, வெறும் திருட்டு என்றால் வேறொன்று. வாழைத்தார் திருட வந்தவன் உயிரை எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. கோபத்தை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று புத்தகம் அழகாகத்தான் சொல்கிறது. ராத்திரி ஒரு மணிக்குத் தோட்டத்தில் அந்தப் புத்தகம் கையில் இருக்காது, அவ்வளவுதான்.

வர்த்தகம் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பற்று வரவு ஞாபகம் வரும். துப்பாக்கி சொத்தா, கடனா? காசு கொடுத்து வாங்கியது, விற்கலாம். அப்படியானால் சொத்துப் பக்கம் எழுத வேண்டும். ஆனால் கணக்குப் பாடத்தில் ‘வந்தால் வரும் கடன்’ என்று ஒன்று சொல்லித் தருவார்கள். உங்கள் கம்பெனிமேல் ஒருவர் கேஸ் போட்டிருக்கிறார். தோற்றால் ஒரு கோடி கட்ட வேண்டும், ஜெயித்தால் ஒன்றுமில்லை. அதை ஐந்தொகைக்குள் எழுத மாட்டார்கள். கீழே, பொடி எழுத்தில், குறிப்பாகப் போடுவார்கள். துப்பாக்கி அந்த ரகம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்பது வருஷம் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஒரே ஒரு நொடியில் மொத்தக் கணக்கும் அந்தப் பொடி எழுத்துக் குறிப்பாக மாறிவிடலாம்.

‘அப்படியானால் குடிமக்கள் யாருக்குமே துப்பாக்கி வேண்டாம், அரசாங்கத்திடம் மட்டும் இருந்தால் போதும் என்கிறாயா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பக்கத்துச் சரித்திரம் அதற்குச் சட்டென்று ஆமாம் சொல்ல விடாது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801-ம் வருடம்தான், பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்து ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னது கம்பெனி அரசு. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியனை லைசென்ஸ் கேட்டு நிற்கவைத்தது. வெள்ளைக்காரனுக்கு விலக்கு கொடுத்தது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டி பக்கத்தில் பெருங்காமநல்லூரில் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற கள்ளர் சமூகத்து மக்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் இறந்தவர்களில் ஒருவர். அந்த ஊரில் இருந்து எங்கள் பள்ளத்தாக்கு தூரமில்லை. ஒரு பக்கம் மட்டும் துப்பாக்கி இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இன்றைக்கும் விவசாயியின் குறை நியாயமானதுதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2022-ல் ஒரு முடிவு எடுத்தார்கள். பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லலாம். இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். எங்கள் தோட்டம் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வருகிறது. பன்றிக்கு எங்கள் தோட்டம்தான் பாதுகாப்பான இடம்!

சரி, துப்பாக்கி இல்லாதவன் சும்மா இருக்கிறானா? இல்லை. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. திருட்டுத்தனமாக வேலிக்கம்பியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். பழத்துக்குள் வெடியை வைத்து அவுட்டுக்காய் போடுகிறார்கள். 2022 செப்டம்பரில் பெரியகுளம் பக்கம் கைலாசபட்டியில் தோட்ட வேலியில் சிக்கி ஒரு சிறுத்தை செத்தது, பேப்பரில் படித்திருப்பீர்கள். கம்பிக்குப் பன்றி யார், சிறுத்தை யார், புல் அறுக்கப் போகிற பெண் யார் என்று தெரியாது. வெடி, மாட்டின் வாயையும் கிழிக்கும். கம்பி கட்டியவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் தூங்கும்போது அவனுடைய காரியம் கொலை செய்துகொண்டிருக்கும்.

அந்த வகையில் பார்த்தால் துப்பாக்கி கொஞ்சம் யோக்கியமான ஆயுதம். அதற்கு ஓர் ஆள் வேண்டும். அவன் விழித்திருக்க வேண்டும், கண்ணால் பார்க்க வேண்டும், விரலால் அழுத்த வேண்டும். செய்தது யார் என்ற கேள்விக்குப் பதில் அங்கேயே நிற்கும். நானும் வெகுநாள் இப்படித்தான் அப்பாவின் துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் பார்ப்பது என்பது நாம் நினைக்கிற அளவு நிச்சயமான காரியம் இல்லை. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஓர் இரவு. இருபத்தேழு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத இரவு.

1998, தை மாதம். எனக்குப் பதினேழு வயசு, ப்ளஸ் டூ. பொங்கல் லீவு. மக்காச்சோளம் பால் பிடித்து முற்றுகிற நேரம். அப்பாவோடு காவலுக்குத் தோட்டத்துக் குடிசையில் படுத்திருந்தேன். பனி இறங்கி எதுவும் தெரியவில்லை. ராத்திரி ஒரு மணி இருக்கும். சோளத்துக்கும் வாழைக்கும் நடு வரப்பில் சரசரவென்று சத்தம். அப்பா எழுந்துவிட்டார். துப்பாக்கி தயாராகத்தான் இருந்தது. என் கையில் ஐந்து செல் டார்ச். அடித்தேன். பனியில் வெளிச்சம் பாதி தூரத்திலேயே கரைந்தது. அதற்கப்பால் கறுப்பாக, குனிந்தபடி, ஒரு உருவம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

முந்தின வாரம்தான் கால் ஏக்கர் போயிருந்தது. என் காலேஜ் ஃபீஸ் அந்தச் சோளத்தில்தான் இருக்கிறது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆகாயத்தைப் பார்த்துச் சுடுவதெல்லாம் அன்றைக்கு எங்களுக்கு அலுத்துப் போயிருந்தது. அப்பா துப்பாக்கியை நேராக நீட்டினார். பன்றியைச் சுடுவதும் குற்றம்தான். அதை யோசிக்கிற நிலையில் நாங்கள் இரண்டு பேருமே இல்லை.

“பன்னிதாம்ப்பா... சுடுங்க, சுடுங்க!”

சொன்னது நான்தான்.

அப்பாவின் கட்டைவிரல் குதிரையைப் பின்னால் இழுக்கிற சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து அந்த உருவம் இருமியது. பீடி குடிக்கிறவனின் இருமல்.

அப்பா துப்பாக்கியைத் தரையைப் பார்த்து இறக்கினார். “யாரு?” என்று ஒரு குரல் கொடுத்தார். அந்தக் குரல் அவருடையதாகவே இல்லை.

“நாந்தேண்ணே. கரண்டு வந்துருச்சு. மடை தெறக்க வந்தேன்.”

பக்கத்துத் தோட்டத்து வேலைக்காரர். அந்தக் காலத்தில் மும்முனை மின்சாரம் எங்கள் பக்கம் ராத்திரியில் கொஞ்ச நேரம்தான் வரும். அது வருகிற நேரத்தில் எழுந்து மோட்டார் போட்டால்தான் தண்ணீர். பனிக்குத் தலைவழியே சாக்கைப் போர்த்திக்கொண்டு, குனிந்து, மண்ணை அள்ளி மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் பார்த்த கறுப்பு உருவம் அந்தச் சாக்கு. நான் பார்த்த கிளறல் அவருடைய கைகள்.

பொழுது விடியும் வரை அப்பா பேசவில்லை. விடிந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார். “பன்னி இருமாதுல்ல?” அவ்வளவுதான். அதற்குமேல் அந்த இரவைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை வந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை மூன்றாகக் கழற்றினார். குழல் பீரோவுக்குள் போனது. கட்டை பரண்மேல், மரக்கால் பக்கத்தில். முன்கட்டை சாமி ரூம் அலமாரியில். தோட்டா டப்பா அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில். சாவி அம்மாவின் இடுப்பில். அதற்குப் பிறகு அவருக்குத் துப்பாக்கி வேண்டும் என்றால், பீரோவைத் திறக்க வேண்டும், ஏணி போட்டுப் பரண் ஏற வேண்டும், சாமி ரூமுக்குள் செருப்பில்லாமல் போக வேண்டும், கடைசியாக அம்மாவை எழுப்ப வேண்டும். அம்மா ஒரு கேள்வி கேட்பாள். “எதுக்கு?”

அந்த ‘எதுக்கு’க்குப் பதில் சொன்ன பிறகுதான் தோட்டா கைக்கு வரும். பல ராத்திரி அப்பா பரண் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து தகர டின்னைத் தட்டிப் பன்றி விரட்டியிருக்கிறார். சில ராத்திரி கேள்வியைத் தாண்டி எடுத்துக்கொண்டும் போயிருக்கிறார். அம்மாவுக்குக் காரணம் தெரியாது. வீட்டில் பிள்ளை இருப்பதால் பத்திரப்படுத்துகிறார் என்று நினைத்தாள்.

டெக்சாஸ் நண்பன் வீடியோ காட்டியபோது எனக்கு இதுதான் மனசில் ஓடியது. அவனுடையதும் கழற்றி மாட்டுகிற துப்பாக்கிதான். எடைகூட ஏறக்குறைய அப்பாவின் துப்பாக்கி அளவுதான். அவன் கழற்றுவது சீக்கிரம் சேர்ப்பதற்காக. அப்பா கழற்றியது சேர்ப்பதற்கு நேரம் ஆக வேண்டும் என்பதற்காக.

மனிதனின் கோபமும் பயமும் துக்கமும் நிரந்தரமானவை இல்லை. வருகிற வேகத்தில் போய்விடும், நடுவில் கையில் எதுவும் சிக்காமல் இருந்தால். அமெரிக்காவில் 2021-ம் வருடம் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,800-க்கும் மேல். அதில் பாதிக்கும் அதிகமானவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி, வாங்கியவனையே குறிபார்த்திருக்கிறது. அமெரிக்கா எதற்கு, நம் கிராமங்களைப் பாருங்கள். பூச்சிமருந்து டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் போன உயிர்கள் எத்தனை! இலங்கையில் ரொம்பவும் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அங்கே தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. அத்தனை பேருடைய கஷ்டமும் தீர்ந்துவிட்டதா என்ன? சாவதற்கான வழி கொஞ்சம் தள்ளிப் போனது. அந்த இடைவெளியில் பலருடைய மனசு திரும்பியது.

லைசென்ஸ், போலீஸ் விசாரணை, புதுப்பித்தல், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்தல் எல்லாம் நமக்கு எரிச்சலாக இருக்கும். அப்பாவும் ஒவ்வொரு தேர்தலுக்கும் முணுமுணுத்துக்கொண்டேதான் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் யோசித்தால், அம்மாவின் ‘எதுக்கு’ என்ற கேள்வியைத்தான் சட்டம் தன் பாஷையில் கேட்கிறது.

சட்டம் கேட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. பயிற்சி பெற்றவன் கையிலும் துப்பாக்கி துப்பாக்கிதான். 2023 அக்டோபர் கடைசியில், கூடலூர் பக்கம் வண்ணாத்திப்பாறை காட்டில், ஒரு ராத்திரி வனத்துறையினர் சுட்டதில் ஒருவர் இறந்துபோனார். யார்மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. இருட்டு, பயம், காடு, கையில் துப்பாக்கி. இந்த நாலும் ஒன்று சேர்கிற இடத்தில் நானும் ஒரு தடவை நின்றிருக்கிறேன் என்பது மட்டும் தெரியும். அதே வருடம் மே மாதம் கம்பம் நகருக்குள் அரிக்கொம்பன் யானை புகுந்தபோது ஊரே நடுங்கியது. 144 தடை உத்தரவு போட்டார்கள். அதை ஜூன் 5-ம் தேதி பிடித்தது மயக்க ஊசி. அதுவும் துப்பாக்கியில் வைத்துச் சுடுவதுதான். ஆனால் சுட்டவர்கள் சுட்டதோடு போய்விடவில்லை. லாரியில் ஏற்றி, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் கொண்டுபோய் விடும் வரை கூடவே இருந்தார்கள்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். என்னதான் பண்ணுவது?

2016-ம் வருட ஆயுத விதிகளின்படி வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். லைசென்ஸ்தாரருக்கு எழுபது வயசு ஆனாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து வருஷம் வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். அப்பா இரண்டு தடவை கேட்டார். “பார்க்கலாம்ப்பா” என்று நழுவினேன். அவரும் மூன்றாவது தடவை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது.

தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். எடுத்திருப்பவன் இருபத்தைந்து வயசுப் பையன், நல்ல உழைப்பாளி. போன மாதம் போனில் பேசினான். “அண்ணே, நீங்க லைசென்ஸ் எடுத்து துப்பாக்கிய தோட்டத்துல வைங்கண்ணே. ஒரு வேட்டு போட்டா போதும். இந்த வருஷம் சோளத்துல பாதி போச்சு.” அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் லைசென்ஸ் ஆளுக்குத்தான், தோட்டத்துக்கு இல்லை. நான் சென்னையில் படுத்துத் தூங்க, என் பெயரில் உள்ள துப்பாக்கியை அவன் பனிக்குள் தூக்கிக்கொண்டு நடப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, கம்பியில் கரண்டு விட்டுவிட்டு வீட்டில் தூங்குகிறவனுக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

அந்தப் பையன் யார் என்று சொல்லவில்லையே. 1998-ல் தலைவழியே சாக்கைப் போர்த்திக்கொண்டு மடை திருப்ப வந்தாரே, அவருடைய மகன். பிறந்தது 2000-ல். அப்பாவின் பாடையைத் தூக்கிய நாலு பேரில் அவனுடைய அய்யாவும் ஒருவர். அவருக்கு இன்றுவரை தெரியாது.

முடிவு எடுத்துவிட்டேன். துப்பாக்கி எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் தப்பானவர்கள் என்பதால் இல்லை. அதோடு இருக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அப்பா இருந்தார். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அண்ணா சாலை சிக்னலில் பின்னால் ஹாரன் அடிக்கிறவனை மனசுக்குள் தினம் இரண்டு தடவை கொல்கிறவன் நான். பதினேழு வயசில் ‘சுடுங்க’ என்று சொன்ன வாய், நாற்பத்தைந்தில் ரொம்பத் திருந்திவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இதோடு கட்டுரையை முடித்தால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் கணக்கு முடியாது. துப்பாக்கி வேண்டாம் என்று நான் சொல்வதால் பன்றி சோளம் தின்பதை நிறுத்தாது. என் மனசாட்சி சுத்தமாக இருப்பதற்கு அந்தப் பையன் ஏன் பணம் கட்ட வேண்டும்? அகிம்சை பேசுகிறவர்கள் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நைஸாக நழுவுகிறோம். கொள்கை நமக்கு, செலவு அடுத்தவனுக்கு.

அதனால் அவனிடம் சொல்லிவிட்டேன். பன்றி அழித்த பங்கைக் கணக்குப் பார்த்துக் குத்தகையில் கழித்துக்கொள்ள வேண்டும். வேலிக்கு முறைப்படி சோலார் போடுவதானால் பாதிச் செலவு என்னுடையது. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. “எதுக்குண்ணே நீங்க குடுக்கறீங்க?” என்றான்.

அம்மாவின் அதே கேள்வி. அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இந்த வாரப் பத்திரிகையை அவன் படிப்பான், அவனுடைய அய்யாவுக்கும் படித்துக் காட்டுவான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்காது. ஆனால் கையெட்டும் தூரத்தில், தயாராக, வேறு ஏதாவது இருக்கலாம். அதை எடுக்கப் போகும்போது ‘எதுக்கு?’ என்று கேட்க உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்?